கெதார் என்றொரு வினை

ஜனவரி. மாட்ரிட். மூன்றாம் மாடி.

கண்ணாடியில் மூச்சுப் படிகிறது. கலைகிறது. மறுபடி படிகிறது.

வலென்சியா ஆரஞ்சுகள் மண் கிண்ணத்தில். ஏழு.

கேதான் சியேத்தே. ஏழு மீதி.

வாடகை அறை. செவ்வாய்க்கிழமை சாவியைக் கொடுக்க வேண்டும். இன்று வெள்ளி.

கேதான் குவாத்ரோ தியாஸ். நான்கு நாள் மீதி.

பழத்துக்கும் நாளுக்கும் ஒரே சொல்.

*

கெதார்.

சொல்லிப் பார்க்கிறேன். முதல் 'க' காற்றில்லாமல் தொண்டையின் வாசலில் பிறக்கிறது. நடுவில் 'த' பல்லைத் தொட்டும் தொடாமலும் நழுவுகிறது. 'அது' என்னும்போது வருகிற அதே மென்மை. கடைசியில் 'ர்', ஒரே ஒரு தட்டு.

உயிரெழுத்துகளுக்கு நடுவில் ஸ்பானிஷ் நாக்கும் இப்படித்தான் மெலிகிறது.

வகுப்பில் மற்ற நாட்டவர்கள் இந்த இடத்தில் தடுக்கிவிழுகிறார்கள். தமிழ் நாக்கு வெறுமனே கடந்துபோகிறது. இதற்காக எதுவும் கற்கவில்லை. பிறந்த வீட்டில் கிடைத்தது.

கெதார்.

அறை சற்று நேரம் அந்த ஒலியை வைத்திருக்கிறது.

*

அகராதி கனமாக மடியில் கிடக்கிறது. பக்கங்களில் பழைய பசையின் வாசனை.

இந்த வினைக்கு ஒரு பத்தி போதவில்லை. தங்கு. மிஞ்சு. எஞ்சு. ஆகு. பொருந்து. அமைந்திரு. சந்திக்க முடிவுசெய். வைத்துக்கொள்.

கீழே கீழே போகிறது விரல்.

எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், மூலம். லத்தீனின் கியேத்தாரே. அமைதிப்படுத்து, பேச்சை அடக்கு.

விரல் அங்கேயே நிற்கிறது.

*

ஒரு குளத்தில் கல் விழுந்து, வட்டங்கள் விரிந்து, கரை தொட்டு, ஓய்ந்தபின் இருக்கும் நீர்.

அதுவாக இருக்கலாம் இந்தச் சொல்.

அப்படித்தான் என்று சொல்ல மனம் வரவில்லை. நீரை மட்டும் பார்க்கிறேன்.

*

அதே வேரில் இன்னும் இரண்டு சொற்கள். கியேத்தோ: அசையாதது. கேதோ: மெல்லியது, தணிந்தது.

பேருந்தில் ஒரு தாய், இருக்கையில் துள்ளும் பையனிடம், கியேத்தோ என்கிறாள். பையன் அடங்குகிறான். மூன்று நொடி. பிறகு கால் மறுபடி ஆடத் தொடங்குகிறது.

கேதோ இப்போது பேச்சில் அரிது. பழைய புத்தகங்களில் யாரோ யாரிடமோ கேதோவாகப் பேசுகிறார்கள். அடுத்த அறைக்குக் கேட்காதபடி.

'நான் இருந்துகொள்கிறேன்' என்பதற்கு மே கேதோ.

மெல்ல என்பதும் இருக்கிறேன் என்பதும் காதுக்கு ஒன்றாகவே வருகின்றன.

*

மாலை ஏழு. கீழே ரொட்டிக் கடை.

தட்டுகளில் மாவுத் தூள் மட்டும். அடுப்பின் சூடு இன்னும் சுவரில் இருக்கிறது.

கடைக்காரப் பெண் இரு கைகளையும் விரிக்கிறார்.

நோ கேதா.

ரொட்டி இல்லை என்பதற்கு வேறு வாக்கியம் உண்டு. நோ ஐ. அது எப்போதும் இல்லாததற்கும் பொருந்தும். நோ கேதா வேறு. இருந்தது, காலையில் வந்தது, அடுக்கப்பட்டது, ஒவ்வொன்றாகக் கைமாறியது, இப்போது மீதி இல்லை.

இரண்டு சிறிய சொற்களுக்குள் கடையின் ஒரு பகல் முழுவதும்.

வெறுங்கையோடு படியேறுகிறேன். ரொட்டியின் வாசனை மூன்றாம் மாடி வரை கூட வருகிறது.

*

மே கேதான் குவாத்ரோ தியாஸ்.

எனக்கு நான்கு நாள் மீதி இருக்கிறது.

வாக்கியத்தில் 'நான்' எழுவாயாக இல்லை. எஞ்சுவது நாட்களின் வேலை. வினை அவற்றோடுதான் இசைகிறது. ஒரு நாளானால் கேதா. பல நாளானால் கேதான். என் பங்கு ஒரு சிறு 'மே'. எனக்கு.

எனக்குப் பசிக்கிறது. எனக்குக் குளிர்கிறது. எனக்குத் தெரியும். எனக்குப் பிடிக்கும்.

சிறு வயதிலிருந்தே நான்காம் வேற்றுமையில் ஓரமாக உட்கார்ந்து பழகியிருக்கிறேன். பசி வருகிறது. குளிர் வருகிறது. நாட்கள் எஞ்சுகின்றன. நான் அவை வந்து சேரும் இடம்.

வகுப்பில் இந்த வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பிப் புரிந்துகொள்ளச் சொல்கிறார் ஆசிரியர். 'என்னிடம் நான்கு நாட்களை நான் கொண்டிருக்கிறேன்' என்பதுபோல.

எனக்குத் திருப்பத் தேவைப்படவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

*

இரவு.

தமிழில் தூங்கிப்போகிறோம். ஸ்பானிஷில் தூங்கி இருந்துவிடுகிறோம். மே கெதே தோர்மீதா.

ஒன்றில் எங்கோ போகிறது உடல். ஒன்றில் எங்கும் போகாமல் ஓரிடத்தில் படிகிறது.

போர்வைக்குள் கால்விரல்கள் மெல்லச் சூடாகின்றன.

எது நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

பார்க்க முடிவதில்லை.

*

சனி. கேதான் சீங்கோ. ஐந்து பழம்.

தோலை உரிக்கும்போது ஒரு நுண்ணிய தூறல். விரல் நுனியில் எண்ணெய். ஜன்னல் வெளிச்சத்தில் அது ஒரு கணம் தெரிகிறது.

*

பத்து நிமிடம்.

ஃபால்தான் தியெஸ் மினூத்தோஸ் என்றால் பத்து நிமிடம் குறைகிறது. கேதான் தியெஸ் மினூத்தோஸ் என்றால் பத்து நிமிடம் எஞ்சுகிறது. கடிகாரத்தில் இரண்டும் ஒன்றே. தேர்வு எழுதுபவன் இரண்டாவதைச் சொல்வான். தேர்வு முடியக் காத்திருப்பவன் முதலாவதை.

அடுப்பில் பருப்பு. மூடி மெல்ல நடுங்குகிறது.

இன்னும் பத்து நிமிடம் இருக்கு என்று தமிழில் சொல்லிக்கொள்கிறேன். அதில் குறையும் தெரியவில்லை, எச்சமும் தெரியவில்லை. வெறுமனே இருக்கிறது.

*

ஒரு நினைவு வருகிறது. கலீசியா. ஈரப் புல். சான்டியாகோவுக்கு நடக்கும் பாதை.

பாதையோரம் முழங்கால் உயரத்தைத் தாண்டிய கற்கள். ஒவ்வொன்றிலும் மஞ்சள் சிப்பி, அம்பு, ஓர் எண். எத்தனை கிலோமீட்டர் வந்தாயிற்று என்று எந்தக் கல்லும் சொல்வதில்லை. எத்தனை மீதி என்று மட்டும். கிலோமீட்டருக்குப் பின் புள்ளி, புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம். மீட்டர் வரை எண்ணியிருக்கிறார்கள்.

பிரான்ஸ் எல்லைப் பக்கம் ரொன்செஸ்வாயெஸில் சாலைப் பலகை 790 என்று நிற்கிறது. அதன் கீழே நின்று படம் எடுக்காதவர் குறைவு.

குவாந்தோ கேதா? எதிரே வருபவரிடம் யாரோ கேட்கிறார்கள். எவ்வளவு மீதி?

அவர் பின்னால் திரும்பிப் பார்க்கிறார். கையை உயர்த்துகிறார். எண் எதுவும் சொல்லவில்லை.

மழை தொடங்குகிறது. எண் எழுதிய கல் நனைகிறது.

*

மதியம் ஒரு குறுஞ்செய்தி. கெதாமோஸ்?

சந்திக்கலாமா என்று பொருள். எஞ்சுவதும் தங்குவதும் செய்துகொண்டிருந்த அதே வினை, ஸ்பெயினில், இரண்டு பேர் இருக்குமிடத்தில் சந்திப்பாகிவிடுகிறது. கெதாமோஸ் ஆ லாஸ் ஓச்சோ. எட்டு மணிக்குச் சந்திக்கிறோம்.

எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்று வெகுநேரம் யோசிக்கிறேன். எங்கே, எப்போது, யார் யார் என்று பேச்சு அங்குமிங்கும் அலைகிறது. கடைசியில் ஓரிடத்தில் படிகிறது. படிந்தது எட்டு மணி.

பேசி முடித்தபின் மீதி இருப்பது.

அப்படியும் இருக்கலாம்.

*

புவெர்த்தா தெல் சோல். கரடியும் மரமும் நிற்கும் சிலை. 1967லிருந்து நிற்கிறது. அதன் காலடியில் காத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. வெவ்வேறு பக்கம் பார்க்கிறோம்.

எல்லோரும் யாரோடோ கெதார் செய்திருக்கிறோம்.

8.05. கையுறைக்குள் விரல் மரத்துப்போகிறது. 8.10. பக்கத்தில் நின்ற இளைஞன் சட்டென்று சிரிக்கிறான், அவன் காத்திருந்தவர் வந்துவிட்டார். போகிறான். அவன் நின்ற இடம் கொஞ்ச நேரம் காலியாகவே இருக்கிறது. யாரும் அங்கே வந்து நிற்கவில்லை.

8.20. மூச்சு வெண்மையாக வெளியேறுகிறது.

தோழி வரும்போது ஓடிவருகிறாள். மன்னிப்புக் கேட்கிறாள். கன்னம் சில்லென்று இருக்கிறது.

*

கேதான் தோஸ். இருவர் மீதி.

ஸே கேதான் தோஸ். இருவர் இருந்துகொள்கிறார்கள்.

நடுவில் 'ஸே' என்று ஓர் அசை. அது இல்லாதபோது எல்லோரும் போனபின் இருவர் விடுபட்டிருக்கிறார்கள். அது வந்ததும் இருவர் போவதில்லை என்று உட்கார்ந்துவிடுகிறார்கள்.

மேசை, நாற்காலி, விளக்கு, மனிதர், எதுவும் மாறவில்லை.

ஓர் அசை மட்டும் கூடியிருக்கிறது. மூச்சை விடும் அளவு.

*

ஞாயிறு. ராஸ்த்ரோ சந்தை.

பெயருக்குத் தடம் என்று பொருள். ஒரு காலத்தில் இறைச்சிக் கொட்டில்களும் தோல் பதனிடுவோரும் இருந்த சரிவு. இப்போது சரிவெங்கும் பழைய பொருள்கள். கைப்பிடி இல்லாத குடை. ஒற்றைக் காதணி. யாருடையதோ திருமணப் படம், சட்டத்தோடு.

ஒரு கம்பளிக் கோட்டு. எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். கை நீளம் விரலை மூடுகிறது. மே கேதா கிராந்தே. எனக்குப் பெரிதாக இருக்கிறது.

இன்னொன்று. சாம்பல் நிறம். தோள் வந்து தோளில் உட்காருகிறது.

தே கேதா பியென் என்கிறார் கடைக்காரர். எடுப்பாக இருக்கிறது என்று பொருள். அவர் பார்வை கோட்டின் மேல் இல்லை. தேநீர்க் குவளையின் மேல்.

இங்கேயும் அதே வினை. துணி உடம்பின் மேல் விழுந்து, மடிந்து, அசைந்து, ஓய்ந்தபின் எப்படி இருக்கிறதோ அது.

மே லோ கேதோ. எடுத்துக்கொள்கிறேன். பணம் கொடுக்கும்போது சொல்ல வேண்டிய வாக்கியம். இது என்னோடு இருக்கட்டும்.

பையில் கையை விடுகிறேன். ஒரு பழைய பேருந்துச் சீட்டு. எண் அழிந்திருக்கிறது.

அதையும் வைத்துக்கொள்கிறேன்.

*

லவப்பியேஸில் பூ விற்கிறார் ஒருவர். ஈக்வதோரில் வளர்ந்தவர். வாளிகளில் கார்னேஷன். தண்டுகள் நீருக்குள் வளைந்து தெரிகின்றன.

தோந்தே கேதா உங்கள் ஊர் என்று கேட்கிறார்.

எங்கே இருக்கிறது.

கடல் கடந்த ஸ்பானிஷில் இந்தக் கேள்வி இன்னும் அதிகம் புழங்குகிறது. இடம்பெயராதவற்றைப் பற்றி மட்டும் இப்படிக் கேட்கலாம். ரயில் நிலையம், மருந்துக் கடை, மலை, ஊர். மனிதரை இப்படிக் கேட்பதில்லை. மனிதர் எங்கே என்றால் வேறு வினை, எஸ்தார்.

ஊர் அங்கேயே இருக்கிறது. நான் மட்டும் இங்கே.

இந்தியாவின் தெற்கில், கடலோரம் என்கிறேன்.

கேதா லேஹோஸ் என்கிறார். தொலைவுதான்.

நீர் சொட்டும் இரண்டு பூக்களைத் தாளில் சுற்றுகிறார்.

*

கேதான் குவாத்ரோ.

இன்று பழம் தின்ன மனமில்லை. கிண்ணத்தைத் திருப்பி வைக்கிறேன். ஒன்றின் அடியில் மெல்லிய நீலப் பூஞ்சை. அதை எடுத்துவிடுகிறேன்.

கேதான் த்ரேஸ்.

*

இரண்டாம் மாடிப் பெரியவர் கதவு திறந்திருக்கிறது. சூப்பின் மணம். பூண்டு, ஆலிவ் எண்ணெய்.

பூவை நீட்டுகிறேன். உள்ளே உட்காரச் சொல்கிறார். சுவரில் ஒரு மனிதரின் படம், கறுப்பு வெள்ளை.

மே கெதே வியூதா என்கிறார். 42 வயதில்.

கணவரை இழந்தேன் என்று அந்த வாக்கியத்தை மொழிபெயர்க்கலாம். அதில் இழப்பு என்ற சொல் இல்லை. கணவர் என்ற சொல்லும் இல்லை. தனித்தவளாக எஞ்சினேன். அவ்வளவுதான் இருக்கிறது.

ஆவதற்கு ஸ்பானிஷில் பல வினைகள். கோபம் வருவதற்கு ஒன்று. மருத்துவர் ஆவதற்கு ஒன்று. மனிதர் குணம் மாறுவதற்கு ஒன்று. பார்வை போனால், காது போனால், துணை போனால், வேலை போனால், அங்கே பெரும்பாலும் இந்த வினை வந்து நிற்கிறது. கெதார்ஸே. போனது எது என்பதை அது சொல்லும். ஆனால் போனதன் பின்னாலேயே ஓடாது. இங்கே யார் இருக்கிறார் என்று திரும்பும்.

பெரியவர் கண்ணாடிக் குவளையில் பூவை வைக்கிறார். தண்ணீர் ஊற்றுகிறார். சற்று அதிகமாகிவிடுகிறது. மேசைத் துணியில் ஒரு வட்டம்.

துடைக்கவில்லை. நாங்கள் இருவரும் அது பரவுவதைப் பார்க்கிறோம்.

*

அவரே சொல்கிறார், 2020 பற்றி.

மார்ச் 14. நெருக்கடி நிலை. மே கேதோ என் காசா. வீட்டிலேயே இருக்கிறேன். தொலைக்காட்சியில், ஜன்னல்களில், பிள்ளைகள் வரைந்த வானவில்களுக்குக் கீழே அதே வாசகம்.

தெருவில் புறாக்களின் காலடி கேட்டதாம்.

மாலை எட்டு மணிக்கு எல்லா பால்கனிகளிலும் கைதட்டல். மருத்துவமனைகளில் வேலை செய்பவர்களுக்காக. எதிர்வீட்டு மனிதரை நாற்பது வருடத்தில் முதல் முறையாக அப்போதுதான் சரியாகப் பார்த்தாராம். இருவரும் கையசைத்துக்கொண்டார்களாம்.

ஏப்ரலில் அந்த பால்கனி மூடியே இருந்தது.

அதற்குமேல் சொல்லவில்லை. சூப்பைக் கிளறுகிறார். கரண்டி பாத்திரத்தின் அடியைத் தொடும் ஓசை.

*

தோக்கே தே கேதா.

ஊரடங்கு.

தோக்கே என்றால் மணியடிப்பு. முன்பெல்லாம் இரவில் ஒரு மணி அடிக்கும். தீயை அணைத்து எல்லோரும் வீட்டுக்குள் அடங்க. அந்த மணிக்கே கேதா என்று பெயர். அமைதியின் மணி.

1973 செப்டம்பர் 11. சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடிக்கிறது. அன்றே தோக்கே தே கேதா. பிறகு ஆண்டுக்கணக்கில் சான்டியாகோ நகரின் இரவுகளில் அந்தச் சொல் இருந்தது. 2019 அக்டோபரில், மக்கள் தெருவில் இறங்கியபோது, அதே சொல் திரும்பி வந்தது. வயதானவர்களுக்கு அதைக் கேட்டதும் கை நடுங்கியிருக்கும்.

அமைதி என்ற வேரிலிருந்து இதுவும் முளைத்திருக்கிறது.

அதை ஒதுக்கிவைக்க முடியவில்லை. குறிப்பேட்டில் மற்றவற்றோடு எழுதிவைக்கிறேன். மை உலர நேரமாகிறது.

*

திங்கள். பிராடோ அருங்காட்சியகம். மாலை ஆறு முதல் எட்டு வரை கட்டணமில்லை. வரிசை சுவரோரமாக நகர்கிறது.

கீழ்த்தளம். கோயாவின் கறுப்பு ஓவியங்கள். பதினான்கு.

1792 கடைசியில் நோய். அடுத்த ஆண்டு செவி இல்லை. 46 வயது. ஸே கெதோ சோர்தோ. கேளாதவராக எஞ்சினார். அதன்பின் 35 ஆண்டு வாழ்ந்தார்.

1819இல் மான்சனாரெஸ் ஆற்றுக்கு அப்பால் ஒரு வீடு வாங்குகிறார். செவிடனின் வீடு என்று அதற்கு முன்பே பெயர். முன்னால் இருந்தவருக்கும் காது கேட்காது. அந்த வீட்டுச் சுவர்களில், யாரும் கேட்காமல், யாருக்கும் காட்டாமல், இவற்றைத் தீட்டுகிறார். எதற்கும் அவர் பெயர் வைக்கவில்லை.

1874இல் தொடங்கி ஓவியங்களைச் சுவரிலிருந்து பெயர்த்துத் துணிக்கு மாற்றினார்கள். பெயர்க்கும்போது கொஞ்சம் வண்ணம் போயிற்று. வீடு பிறகு இடிக்கப்பட்டது.

இங்கே இருப்பது அதற்குப் பின் மீதி.

*

நாய்.

உயரமான துணி. 131 சென்டிமீட்டர். பெரும்பகுதி காவியும் மஞ்சளும் கலந்த வெறுமை. வானமா, மணலா, சுவரா, தெரியவில்லை. கீழே பழுப்பு நிறச் சரிவு. சரிவின் விளிம்பில் ஒரு நாயின் தலை மட்டும்.

மேலே பார்க்கிறது.

மே கேதோ மிராந்தோ. பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இங்கே தமிழும் ஸ்பானிஷும் ஒரே மாதிரி வாக்கியத்தைக் கட்டுகின்றன. கொண்டே. இரு.

எதைப் பார்க்கிறது என்று தேடுகிறேன். அது பார்க்கும் திசையில் வண்ணத்தின் ஒரு மங்கல். பறவையாக இருந்திருக்கலாம் என்கிறார்கள் சிலர். கறையாகவும் இருக்கலாம்.

பக்கத்தில் ஒரு சிறுமி. பெர்ரீத்தோ, நாய்க்குட்டி, என்று மெல்லச் சொல்கிறாள். கேதோவாக. அந்த அறையில் வேறு சத்தம் இல்லை.

காவலர் நாற்காலியிலிருந்து எழுகிறார். கேதான் சீங்கோ மினூத்தோஸ். ஐந்து நிமிடம் மீதி.

யாரும் அவசரப்படவில்லை.

*

இரவு. குறிப்பேடு திறந்திருக்கிறது. எழுத ஒன்றும் வரவில்லை.

இதற்கும் இந்த வினை உண்டு. கெதார்ஸே என் பிளாங்கோ. வெள்ளையில் எஞ்சிவிடுதல். மேடையில் வசனம் மறந்த நடிகர், தேர்வில் விடை மறந்த மாணவி, பெயர் நினைவுக்கு வராத முகம்.

தாளின் வெள்ளை மேசைவிளக்கில் லேசாக மஞ்சள்.

தமிழ் இலக்கணத்தில் முடியாத வினைக்கு எச்சம் என்று பெயர். வந்து. இருந்து. பார்த்து. முற்று வரும்வரை அது எஞ்சி நிற்கும். பள்ளியில் அந்தச் சொல்லை மனப்பாடமாக ஒப்பித்தேன். எஞ்சுவது என்று அதற்குப் பொருள் இருப்பது அப்போது காதில் விழவேயில்லை.

இருந்து.

அங்கேயே பேனாவை வைக்கிறேன்.

*

ரொட்டிக் கடைப் பெண் சோரியா மாகாணத்துக்காரர் என்று இன்று தெரிகிறது. பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் நிலம். மொத்தமாகவே ஏறத்தாழ 90 ஆயிரம் மனிதர். காலியாக்கப்பட்ட ஸ்பெயின் என்று அந்தப் பக்கத்து நிலங்களைச் சொல்கிறார்கள். காலியான என்று சொல்லாமல் காலியாக்கப்பட்ட என்கிறார்கள். 2019 மார்ச் 31இல் அந்த மாகாணங்களிலிருந்தெல்லாம் மாட்ரிட்டுக்கு வந்து தெருவில் நடந்தார்கள். அதில் அவருடைய தம்பியும்.

அவருடைய ஊரில் குளிர்காலத்தில் எத்தனை பேர் என்கிறேன்.

கேதான் செய்ஸ். ஆறு பேர்.

ஆறு பேருக்கும் பெயர் சொல்கிறார். ஒவ்வொருவர் வீடும் எங்கே என்று ரொட்டிப் பலகையில் விரலால் காட்டுகிறார். தேவாலயம் இங்கே. கிணறு இங்கே. இது அம்மா வீடு. மாவில் ஆறு புள்ளிகள்.

யாரோ கடைக்குள் வருகிறார்கள். கதவுமணி. அவர் பலகையைத் துடைக்கிறார்.

துடைத்தபின்னும் மரத்தில் கொஞ்சம் மாவு.

*

செவ்வாய்.

விரிப்பு மடித்தாயிற்று. அலமாரி காலி. கம்பியில் தொங்கும் கோட்டுமாட்டி ஒன்று தானாக ஆடி, நிற்கிறது.

சுவரில் படம் மாட்டியிருந்த இடம் சதுரமாக வெளுப்பாக இருக்கிறது. நான் வருவதற்கு முன்பே இருந்த வெளுப்பு.

தரையில் உட்காருகிறேன். மூச்சு வருகிறது. போகிறது. வெளியேறிய மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே ஒரு சிறு இடம். அங்கே எதுவும் நடப்பதில்லை.

கீழே குப்பை வண்டியின் ஓசை. தூரத்தில் தேவாலய மணி. எண்ணவில்லை.

*

கேதான் தோஸ்.

இரண்டு ஆரஞ்சுகளையும் எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு இறங்குகிறேன். படிக்கட்டு விளக்கு பாதியில் அணைகிறது. இருட்டில் பித்தளைப் பொத்தானைத் தடவுகிறேன். மறுபடி எரிகிறது.

கதவு திறக்கிறது. கார்னேஷன் இரண்டும் இன்னும் குவளையில். ஒன்று தலை சாய்ந்திருக்கிறது.

பழங்களை நீட்டுகிறேன். பயணத்துக்கு வேண்டாமா, ஈஹா, மகளே, என்கிறார். வேண்டாம் என்கிறேன்.

இரு கைகளிலும் வாங்குகிறார். மூக்கருகே கொண்டுபோகிறார். கண்ணை மூடுகிறார்.

மே லாஸ் கேதோ என்கிறார்.

*

சாவி மேசைமேல்.

மண் கிண்ணமும் அங்கேயே. அது இந்த அறையுடையது.

விமானத்துக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருக்கிறது.